ஒரு தட்டு

வேனில் வரும் பள்ளிப் பிள்ளைகளுக்கு அவள் ஆயா. மற்ற வேன்காரர்களுக்கு ரைட்டக்கா. பிள்ளைகளை ஒவ்வொன்றாக ஏற்றி, உட்காரவைத்து, பெல்ட்டை மாட்டி, மாட்டியதை ஒருமுறை இழுத்தும் பார்த்துவிட்டு, வேனின் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டுவாள். இரண்டு தட்டு என்றால் ரைட், போகலாம். ஒரு தட்டு என்றால் நில். ஓட்டுவது அவள் புருஷன்தான். இரண்டு தட்டு காதில் விழுந்தால் போதும், அவர் கால் தானாக கிளட்சை விடும். திரும்பிப் பார்க்கிற வழக்கமே கிடையாது.

"அவ தட்டிட்டா அதுக்கு மேல அப்பீல் இல்ல" என்பார் பெருமையாக. பெருமை பாதி, சோம்பல் பாதி.

வீட்டிலும் அவள் அப்படித்தான். ஹெல்மெட் வாரை மாட்டினாயா, கேஸை மூடினாயா என்று கேட்பதோடு விடமாட்டாள், கைவைத்துப் பார்த்தால்தான் திருப்தி. வாசல் தாண்டும்போது எல்லோரும் கழுத்தைக் காட்டிக்கொண்டு நிற்பார்கள். அவள் கழுத்தை யாரும் பார்த்ததில்லை. பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதும் இல்லை.

மகளுக்கு வேலை கிடைத்தது. அந்தச் சந்தோஷத்தில், ஊருக்கு வெளியே மரங்களுக்கு நடுவில் கயிற்றுப் பாலமும் ஏறும் சுவருமாக இருந்த இடத்துக்கு அப்பா, அம்மா, தம்பி சின்னவன் என்று எல்லோரையும் கூட்டிப்போனாள். பலகைச் சுவர், மூன்று மாடி உயரம். கையும் காலும் வைக்கக் கலர் கலராகக் குமிழ்கள். உச்சியில் உள்ள பெட்டியிலிருந்து பட்டைகள் தொங்கின. இடுப்பு வாரில் பட்டையின் கொக்கியை மாட்டிக்கொண்டு ஏற வேண்டும். ஏற ஏறப் பெட்டி பட்டையைச் சுருட்டிக்கொள்ளும்.

"உச்சிக்குப் போனதும் ரெண்டு கையையும் விட்டுடுங்க, அதுவே மெதுவா இறக்கிவிடும்" என்றாள் பயிற்சிக்காரப் பெண். "ஆனா நான் வந்து பாக்காம யாரும் ஏறக்கூடாது." சொல்லிவிட்டு, சுவரின் மறுபக்கத்தில் பாதி உயரத்தில் அழுதுகொண்டு நின்ற ஒரு மீசைக்காரரை இறக்கப் போனாள்.

ரைட்டக்காவுக்குக் காத்திருக்கத் தெரியாது. சின்னவனுக்குக் கொக்கியை மாட்டி இழுத்துப் பார்த்தாள். மகளுக்கு மாட்டி இழுத்துப் பார்த்தாள்.

"நீங்க வரலையா?" என்றாள் புருஷனிடம்.

"எனக்குக் கீழ நாலு சக்கரம் இருக்கணும். நீ போ."

"அப்ப இந்தப் பையை எங்கயாவது மாட்டுங்க."

கைப்பையை அவரிடம் கொடுத்துவிட்டு, சுவரில் இரண்டு தட்டுத் தட்டினாள். மூன்று பேரும் ஏறினார்கள். தரைக்குப் பக்கத்தில் வளையத்தில் மாட்டியிருந்த ஒரு கொக்கி கண்ணில் பட்டது. அவர் பையை அதில் தொங்கவிட்டார்.

சின்னவன் பாதியில் கையை விட்டு இறங்கிவிட்டான். மகளும் இறங்கினாள். ரைட்டக்காதான் சளைக்காமல் ஏறிக்கொண்டே இருந்தாள். இவளுக்கு இப்படி ஒரு வித்தை தெரியுமா என்று அவருக்கு ஆச்சரியம். ஒரு போட்டோ எடுக்கலாமே என்று அவள் போனை எடுக்கப் பைக்குள் கைவிட்டார்.

பை தொங்கிய கொக்கியிலிருந்து ஒரு பட்டை மேலே போயிற்று. கண்ணால் அதைப் பிடித்துக்கொண்டே போனார். அவள் தோளுக்குப் பக்கத்தில், அவளைத் தொடாமல், அது உச்சிவரை போயிற்று.

ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லும் பல்லி கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி என்று சொல்லிச் சிரிப்போம். அவள் இடுப்பு வாரில் ஒன்றும் மாட்டியிருக்கவில்லை. உச்சியில் அவள் கழுத்தைத் திருப்பிக் கீழே பார்த்துச் சிரித்தாள். ஒரு கையை எடுத்துப் பலகையில் தட்டினாள். டப், டப்.

போகலாம். அதாவது, கையை விடப் போகிறாள்.

கத்த வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. உள்ளங்கையை ஓங்கிச் சுவரில் அறைந்தார், ஒரே ஒரு தட்டு. பலகைச் சுவர் முழுக்க அதிர்ந்தது.

எடுத்த கை குமிழுக்கே திரும்பிப் போனது. அவள் நின்றாள். ஏன் என்று கேட்கவில்லை. ஒரு தட்டு என்றால் நில், அவ்வளவுதான்.

மகள் அலறிக்கொண்டு ஓடிப் பயிற்சிக்காரப் பெண்ணை இழுத்துவந்தாள். பை தொங்கிய கொக்கியைக் கழற்றிக் கையில் எடுத்து, பக்கத்துப் பட்டையைத் தன் இடுப்பில் மாட்டிக்கொண்டு அந்தப் பெண் ஏறினாள். அதுவரை அவர் சுவரிலிருந்து கையை எடுக்கவில்லை. எடுக்கப் பயம். எடுக்கும்போது இன்னொரு முறை பட்டுவிட்டால் அது இரண்டு தட்டாகிவிடும். வியர்வையில் வழுக்கிய கையை மற்றக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மேலே அவள் குரல் கேட்டது.

"யாரும்மா மாட்டல? சின்னவனா?"

"நீங்கதான்க்கா" என்றாள் அந்தப் பெண்.

கீழே வந்ததும் அவள் தரையில் உட்கார்ந்தாள். இடுப்பு வாரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

திங்கட்கிழமை வழக்கம்போல் பிள்ளைகள் ஏறினார்கள். பெல்ட்டுகளை மாட்டினாள், இழுத்துப் பார்த்தாள், சீட்டுகளுக்கு நடுவில் நின்றபடி தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டினாள். வேன் நகரவில்லை. மறுபடியும் தட்டினாள்.

அவர் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கிப் பின்னால் வந்தார். பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்த்தார்கள்.

"உக்காரு" என்றார்.

"எனக்கெதுக்குங்க? நான் நின்னாத்தானே எல்லாரையும் பாக்க முடியும்?"

"உக்காரும்மா."

கதவோரத்தில் ஆயாவுக்கென்று ஒரு சீட் இருந்தது. அதில் எப்போதும் பிள்ளைகளின் பைகள்தான் உட்கார்ந்து வரும். பைகளை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, சீட்டின் இடுக்கில் கைவிட்டு பெல்ட்டைத் தேடி எடுத்தார். வேன் வாங்கிய அன்று கம்பெனிக்காரன் சுற்றிக்கொடுத்த பாலித்தீன் உறை கொக்கியில் அப்படியே இருந்தது. நகத்தால் கிழிக்க வரவில்லை. பல்லால் கடித்துக் கிழித்தார்.