துவைக்கிற கல்லில் படித்த ஜெர்மன்

என் மகன் என் மருமகளுடைய போனைத் துவைக்கிற கல்லின்மேல் வைத்து அம்மிக் குழவியால் குத்தினான். கண்ணாடித் தூள் என் கால்வரை தெறித்தது. ஒரே குத்தில் போன் செத்துவிட்டது. ஆனாலும் உள்ளே இருந்த பச்சைத் தகடு வெளியே வரும்வரை குத்திக்கொண்டே இருந்தான். பிறகு அவளுடைய புத்தகத்தை வெந்நீர் அடுப்பில் செருகினான். எடுக்கக் குனிந்தவளின் பிடரியைப் பிடித்து அடுப்பு வாயின் பக்கம் அழுத்தினான். நெற்றி முடி பொசுங்கிய நாற்றம் வாசல் முழுக்கப் பரவியது.

"எந்தூரு பாஷைடி இது? வெள்ளைக்காரனுக்குக் கால் அமுக்கப் போறியா? தக்காளி வண்டிக்காரன் பொண்டாட்டின்னா உனுக்குக் கேவலமா இருக்குதா?"

"நர்ஸ் வேலைக்குங்க. பரிட்சை பாஸ் பண்ணாதான் ஜெர்மனியில எடுப்பாங்க. அப்பறம் நீங்களும் வரலாங்க."

"நானு உன் பின்னால பொட்டி தூக்கிட்டு வரணுமா?"

அன்றைக்கு வண்டியிலிருந்து பழைய ஃபேன் பெல்ட்டைக் கழற்றிக்கொண்டு வந்திருந்தான். அது விழுந்தால் சத்தம் குறைவு, தடம் அதிகம். அவன் அப்பனுக்கும் இதே கைதான்.

பாலக்கோடு மண்டியிலிருந்து தக்காளி ஏற்றிக்கொண்டு வெளியூர் போகிறவன் அவன். விலை விழுந்த நாளில் குடிப்பான், ஏறிய நாளிலும் குடிப்பான். அவள் நர்ஸுக்குப் படித்தவள். தர்மபுரியில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தாள், கல்யாணமானதும் இவன் நிறுத்திவிட்டான். அவனுக்குத் தெரியாமல் போனிலேயே ஜெர்மன் வகுப்பில் சேர்ந்திருந்தாள். பெங்களூரில் பரிட்சைக்குப் பேரும் கொடுத்தாகிவிட்டது. போனும் புத்தகமும் போன மறுநாள் மாட்டுக் கொட்டகையில் உட்கார்ந்து என்னிடம் சொன்னாள்.

"இந்தப் பரிட்சையும் போச்சுன்னா நானு இந்த வூட்லயே அடிபட்டு செத்துருவேன் அத்தை."

அழாமல் சொன்னாள்.

நான் ஐந்தாவதுவரை போனவள். நாலு பேர் முன்னால் வாய் திறக்க வராது. ரேஷன் கடையில்கூட எனக்குப் பின்னால் வந்தவர்களை முன்னால் விட்டுவிட்டு நிற்பேன். அப்படிப்பட்ட என்னிடம் அவள் கேட்டது இதைத்தான்: "எனக்குக் கேள்வி கேக்க ஆளு வேணும் அத்தை. படிச்சதத் திருப்பிக் கேக்கலைன்னா மனசுல நிக்காது."

"எனுக்கு அந்தப் பாஷை வாயில வருமா கண்ணு?"

"தமிழ் எழுத்துல எழுதித் தரேன். நீங்க படிச்சாப் போதும்."

எழுதுவது எதில் என்பதுதான் பிரச்சினை. காகிதம் கையில் கிடைத்தால் கொன்றுவிடுவான். அவளே வழி கண்டுபிடித்தாள். செங்கல் துண்டால் துவைக்கிற கல்லின்மேல் எழுதுவாள். நான் எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்ட பிறகு அதன்மேலேயே துணியை அடித்துத் துவைப்போம். துவைத்து முடிக்கும்போது கல் வெறும் கல்லாக இருக்கும்.

புதுச் சொற்களுக்கு என் சர்க்கரை மாத்திரை உதவியது. பாப்பிரெட்டிப்பட்டி மருந்துக்கடையில் அவளோடு படித்த பெண் வேலை செய்தாள். மாத்திரை வாங்கப் போகிறேன் என்று பஸ் ஏறுவாள், அந்தப் பெண்ணின் போனில் பாடத்தைக் கேட்டு மனதில் வாங்கிக்கொண்டு திரும்புவாள். தாமதமானால் அதற்கும் அடி.

அந்தப் பாஷையில் வினைச்சொல் ஆளுக்கு ஆள் வால் மாறும். நம்முடையதும் அப்படித்தானே, வரேன், வர்ற, வரான் என்று. அதைச் சொன்னதும் எனக்குப் பாதி பயம் போய்விட்டது. துணியை ஓங்கி அடிக்கிற தாளத்துக்கே சொன்னோம். இஷ் கொம்மெ, ஒரு அடி. டூ கொம்ஸ்ட், ஒரு அடி. ஏர் கொம்ட், ஒரு அடி. நான் வருகிறேன், நீ வருகிறாய், அவன் வருகிறான். அடிக்கிற சத்தத்துக்குள் என் குரல் எனக்கே கேட்காது. அதனால் வெட்கமில்லாமல் சொல்ல முடிந்தது.

பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தாள். "என்ன ஆயா, தெனமும் வண்ணான் மாதிரி தொவைக்கறீங்க? வூட்ல பிரசவமா?"

"அழுக்குதாம்மா" என்று தலையைக் குனிந்துகொண்டேன். மருமகளுக்குச் சிரிப்பு வந்து தொட்டித் தண்ணீரில் முகத்தை முக்கிக்கொண்டாள்.

வரிசையாகக் கேட்டால் பாட்டு மாதிரி ஒப்பித்துவிடுகிறாள், நடுவிலிருந்து ஒன்றைப் பிடுங்கிக் கேட்டால் விழிக்கிறாள் என்று கொஞ்ச நாளில் கண்டுகொண்டேன். அதிலிருந்து வரிசை மாற்றி, எதிர்பாராத நேரத்தில் கேட்டேன். களி கிண்டும்போது, சாணி அள்ளும்போது, அவள் தலை வாரும்போது. தெரியாததை உடனே சொல்லித் தரமாட்டேன். அவளே தேடித் தவித்து எடுத்த சொல் அப்புறம் போகவில்லை. இன்றைக்குத் தவறவிட்டதை நாளைக் காலையில் கேட்பேன், வந்துவிட்டால் சந்தை நாள்வரை விட்டுவைத்து மறுபடி கேட்பேன்.

அங்கே சாமானுக்கெல்லாம் ஆண், பெண், இரண்டுமில்லாதது என்று மூன்று சாதி உண்டாம். டெர், டீ, டாஸ் என்று முன்னால் போட வேண்டும். இது அவளை மிகவும் வாட்டியது. அதற்கு வாசலை மூன்றாகப் பிரித்தோம். டெர் எல்லாம் மாட்டுக் கொட்டகைப் பக்கம், டீ எல்லாம் அடுப்புப் பக்கம், டாஸ் எல்லாம் தண்ணீர்த் தொட்டிப் பக்கம். ஒரு சொல்லைக் கேட்டால் அவள் கண் முதலில் அந்தப் பக்கம் போகும், அப்புறம் வாய் சொல்லும்.

உடம்பு உறுப்புகளை நாங்கள் படித்த விதம் வேறு. நர்ஸுக்கு அதுதான் முக்கியமாம். அவன் அடித்துவிட்டுப் போனதும் உப்பு மூட்டையைச் சட்டியில் சூடாக்கி ஒத்தடம் கொடுப்பேன். வைக்கிற இடத்தின் பேரை அவள் சொல்ல வேண்டும். ரவிக்கையை இறக்கிவிட்டுக் கன்றிப்போன இடத்தில் வைப்பேன்.

"ஷுல்ட்டர். தோள். அடுப்புப் பக்கம்."

"இது?"

"ரூக்கன். முதுகு. ஸ்ஸ்... மாட்டுக் கொட்டாய்."

"கண்ணு வீங்கியிருக்குதே, அது?"

"ஔகெ. தண்ணித் தொட்டி." சொல்லிவிட்டுப் பல்லைக் கடித்தாள். "அத்தை, எல்லா எடமும் முடிஞ்சுபோச்சு. இனிமே அடிச்சா பழைய பாடந்தான்."

நான் சிரிக்கவில்லை. அவள் சிரித்தாள். உதட்டு வெடிப்பிலிருந்து ரத்தம் வந்தது. அதற்கும் ஒரு சொல் இருந்தது, ப்ளூட், தொட்டிப் பக்கம்.

ஒரு நாள் கல்லில் புதிதாக ஒன்றை எழுதினாள். இஷ் ஷ்லாகெ, டூ ஷ்லேக்ஸ்ட், ஏர் ஷ்லேக்ட். இது கொஞ்சம் முரண்டு பிடிக்கிற சொல், நடுவிலும் மாறும் என்றாள். என்ன அர்த்தம் என்று கேட்டேன்.

"அடிக்கறது அத்தை."

ஈரத் துணியை எடுத்தேன். அவனுடைய சட்டை அது. ரொம்ப நேரம் அதை அடித்தோம். பொத்தான் உடைந்து பறந்தது.

பரிட்சைக்கு இரண்டு நாள் முந்தின சாயங்காலம் அவன் லோடு ஏற்றிக்கொண்டு போய்விட்டான். திரும்ப இரண்டு நாளாகும் என்றிருந்தோம். விடிந்ததும் அவள் குளித்து, பையை எடுத்துக்கொண்டு, என் காலைத் தொட்டாள். நான் ஜமுக்காளத்தை ஊறப்போட்டிருந்தேன். அவள் வாசல் தாண்டுமுன் துவைக்கிற சத்தத்திலேயே பழைய சொற்களையெல்லாம் ஒரு தடவை கேட்டுவிடலாம் என்று கல்லருகே நிறுத்தினேன். அந்த நேரம் தெருவில் வண்டி வந்து நின்றது. தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்ந்து ரோடு அடைத்துக் கிடந்ததில் தக்காளி நேரத்துக்குப் போய்ச் சேராமல், வியாபாரி வேண்டாமென்று விட்டானாம். அந்தக் கோபம் முழுவதையும் வாய் நாற்றத்தோடு வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தான்.

பையைப் பார்த்தான். அவள் சடையைக் கையில் சுற்றிப் பிடித்து இழுத்து, நாங்கள் எழுதிப் படித்த அந்தக் கல்லிலேயே அவள் நெற்றியை மோதினான். ஒரு தடவை. இன்னொரு தடவைக்குத் தலையைத் தூக்கினான்.

என் கையில் ஜமுக்காளம் இருந்தது. தண்ணீர் குடித்த ஜமுக்காளம் கன்றுக்குட்டிக் கனம் கனக்கும். தலைக்குமேல் தூக்கி வீசினேன். என் வாய் தன்பாட்டுக்கு இஷ் ஷ்லாகெ, டூ ஷ்லேக்ஸ்ட் என்று ஓடிக்கொண்டிருந்தது. முகத்தில் விழுந்தது. சோப்புத் தண்ணீரில் கால் வழுக்கி, கல்லின் விளிம்பில் வாய் பட விழுந்தான். எழ விடாமல் மறுபடியும் அடித்தேன். பெற்ற வயிறுதான். கை நிற்கவில்லை.

"போ கண்ணு! பஸ் வந்துரும், போ!"

அவ்வளவு சத்தமாக நான் பேசியதே இல்லை. பக்கத்து வீட்டுக்காரி கதவைத் திறந்துகொண்டு ஓடிவந்தாள். மருமகள் பையை அள்ளிக்கொண்டு, நெற்றியில் முந்தானையை அழுத்தியபடி, ஒரு செருப்போடு ஓடினாள்.

அவன் எழுந்து என் வலது கையைப் பின்னால் முறுக்கினான். சுள்ளி ஒடிகிற மாதிரி கேட்டது. பக்கத்து வீட்டுக்காரியும் அவள் புருஷனும் சேர்ந்து அவனைப் பிடித்துக் கீழே தள்ளினார்கள். தர்மபுரி ஆஸ்பத்திரிக்கு அவர்கள்தான் கூட்டிப்போனார்கள். "வழுக்கி வுழுந்தீங்களா பாட்டி?" என்று அங்கிருந்த நர்ஸ் கேட்டாள். சுற்றிலும் ஜனம்.

"இல்லம்மா. என் மவன் ஒடிச்சான். எழுதிக்குங்க" என்றேன்.

அவள் நெற்றியில் கட்டோடு பரிட்சை எழுதினாள். பாஸ் செய்தாள். அங்கிருந்து தாய் வீட்டுக்குப் போனவள் இந்த வாசலுக்குத் திரும்பவில்லை. இப்போது ஜெர்மனியில் வயசானவர்கள் இருக்கிற ஆஸ்பத்திரியில் வேலை. போலீஸ் கேட்டுப் போன பிறகு மகன் பாலக்கோட்டிலேயே தங்கிக்கொண்டான். ஊர்ப்பக்கம் வந்தாலும் என் வாசல் மிதிப்பதில்லை. எனக்கு வலது கை இன்னும் முழுசாகத் தூக்க வராது, இடது கையால் துவைக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை போன் செய்வாள். போன வாரம் நான் ஒரு சொல் கேட்டேன். அவன் கல்லில் விழுந்த மறுநாள் அதைக் கழுவும்போது, விளிம்போரம் அவனுடைய முன்பல் கிடந்தது. அதை எங்கே போடுவதென்று தெரியாமல் கூரை இடுக்கில் செருகி வைத்திருந்தேன்.

"பல்லுக்கு என்னம்மா சொல்வாங்க?"

எதற்குக் கேட்கிறேன் என்று அவளுக்குத் தெரியும், பல் கிடைத்ததை முன்னாலேயே சொல்லியிருந்தேன்.

"ட்ஸான். டெர் ட்ஸான், அத்தை."

போனை வைத்துவிட்டு, கூரையிலிருந்து எடுத்துக்கொண்டுபோய் மாட்டுக் கொட்டகைப் பக்கம் புதைத்தேன்.