நெரீனா திருப்பிக் கொடுத்த வாக்கு

இத்தாலியில், எங்கள் திரியெஸ்தே நகரத்தில் "வியாபாரம் எப்படி?" என்று எந்த ஓட்டல்காரரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: மோசம். அறையெல்லாம் நிரம்பி, வாசலில் பெட்டியோடு ஆள் காத்திருந்தாலும் மோசம்தான். நன்றாக நடக்கிறது என்று ஒத்துக்கொண்டால் பக்கத்து ஓட்டல்காரனின் கண் பட்டுவிடும், நகராட்சி வரியை ஏற்றிவிடும் என்று பயம். இப்படிப்பட்ட ஊரில், அடுத்த வருஷம் எத்தனை பயணிகள் வரப்போகிறார்கள் என்று உள்ளபடி தெரிந்தவள் ஒருத்தி இருந்தாள். எங்கள் சலவைக்கூடத்து நெரீனா.

நகரத்து ஓட்டல்களில் பாதி எங்களிடம்தான் படுக்கை விரிப்பை வாடகைக்கு எடுக்கும், வெளுக்கவும் போடும். நெரீனா இருபத்தாறு வருஷமாக அங்கே இருக்கிறாள். எங்களுக்கு மேற்பார்வை அவள்தான். அகலமான தோள், முழங்கால் வலி, மூக்குக்கு மேல் கோபம். வெளுக்க வரும் விரிப்புகள் எதைத்தான் காட்டிக் கொடுக்காது? யார் தனியாகப் படுத்தார்கள், யார் விடிய விடிய அழுதார்கள், எல்லாம் அவளுக்குத் தெரியும். ஒரு சொல் வெளியே போனதில்லை. நான் சேர்ந்த புதிதில் ஒரு விரிப்பைப் பார்த்துச் சிரித்துவிட்டேன்.

"ஒந்தினா, கண்ணை மடிச்சு அலமாரியில வச்சிட்டு, கையை மட்டும் வேலைக்குக் கொண்டு வா" என்றாள். அதற்கப்புறம் மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

ஓட்டல்காரர் சங்கம் வருஷாவருஷம் எல்லா ஓட்டலுக்கும் ஒரு படிவம் அனுப்பும். வரும் வருஷம் வளர்ச்சியா, சரிவா, எதை எதிர்பார்க்கிறீர்கள்? அந்த நவம்பரில் மற்ற ஐரோப்பிய நகரங்களெல்லாம் வளர்ச்சி என்று எழுதியிருந்ததாகப் பத்திரிகையில் வந்தது. எங்கள் ஊர் மட்டும் சரிவு என்றது. எங்கள் முதலாளி தூல்லியோ அதைப் படித்தார். தேய்க்கும் இயந்திரம் இரண்டில் ஒன்றை நிறுத்திவிடுவதென்றும், டிசம்பரோடு ஆறு பெண்களை அனுப்பிவிடுவதென்றும் பட்டியல் எழுதி ஒட்டினார். அதில் நான்காவது பெயர் என்னுடையது. எனக்கு வயது ஐம்பத்திரண்டு. இந்த வயதில் போய் யாரிடம் வேலை கேட்பது?

நெரீனா நேரே அவர் அறைக்குப் போனாள். கதவு திறந்தேதான் இருந்தது.

"ஆளை அனுப்பாதீங்க முதலாளி. ஈஸ்டருக்குக் கை பத்தாது."

"எதை வச்சுச் சொல்றே?"

"அதைச் சொல்ல முடியாது."

"சங்கம் ஊரையே கேட்டு எழுதியிருக்கு. நீ சொல்ல முடியாதுங்கிறே. நான் யாரை நம்பட்டும்?"

அவள் திரும்பி வந்துவிட்டாள். மத்தியானச் சாப்பாட்டின்போது நான் பிடித்துக்கொண்டேன். நச்சரித்து நச்சரித்து விஷயத்தை வாங்கினேன், பெயர்கள் மட்டும் வரவில்லை. அந்த இலையுதிர் காலத்தில் ஒன்பது ஓட்டல்காரர்கள் அவளைத் தனித்தனியாகத் தொலைபேசியில் கூப்பிட்டிருக்கிறார்கள். "வசந்தத்துக்கு எனக்கென்று கூடுதலாக விரிப்பு எடுத்து வை, யாரிடமும் மூச்சு விடாதே, தூல்லியோ காதுக்குப் போனால் கூலியை ஏற்றிவிடுவார்." ஒன்பது பேரும் இதையேதான் சொல்லியிருக்கிறார்கள். ஒன்பது பேருக்கும் இவள் வாக்குக் கொடுத்திருந்தாள்.

"சொல்லித் தொலையேன்க்கா. ஆறு பேரு பொழப்பு."

"சொல்லிட்டா, நாளைக்கு எவன் என்னை நம்பி அழுக்கைக் குடுப்பான்?" என்று சொல்லிவிட்டு அவரைக்காய் சூப்பில் ரொட்டியைத் தோய்த்தாள். எனக்கு அந்தக் கிண்ணத்தை அவள் தலையில் கவிழ்க்கலாம் போலிருந்தது.

டிசம்பர் முதல் வாரம், கால்வாய்க்கரை ஓட்டலில் சங்கக் கூட்டம். காலை பதினொரு மணி. போரா என்கிற எங்கள் ஊர்க் குளிர்காற்று ஆளைத் தூக்குகிற நாள். நெரீனா முன்னே போக, நாங்கள் ஆறு பேரும் கைகோத்துக்கொண்டு பின்னால் போனோம். உள்ளே தூல்லியோ முதல் வரிசையில் இருந்தார். எங்களைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கியது. சங்கத் தலைவர் லிவியோ நிலைமை மோசம் என்று பேசி முடித்தார், எல்லோரும் துக்க வீடு மாதிரி தலையாட்டினார்கள். நெரீனா எழுந்தாள்.

"நான் சலவைக்கார நெரீனா. உங்கள்ல சில பேரு எங்கிட்ட ஒண்ணு எடுத்து வைக்கச் சொல்லியிருக்கீங்க. யாருன்னும் சொல்ல மாட்டேன், என்னன்னும் சொல்ல மாட்டேன். ஆனா ஊரு சரியுதுன்னு நீங்களே எழுதிட்டீங்க, அதனால ஆறு பேருக்கு வேலை போகுது. வெளுக்க ஆள் இருக்காது. எடுத்து வைக்கிறேன்னு குடுத்த வாக்கை இப்பவே திருப்பிக் குடுத்திடறேன். வேண்டாதவங்க பேசாம இருங்க. வேணுங்கிறவங்க நீங்களே கையைத் தூக்குங்க."

ஜன்னல்கள் தடதடவென்று அடித்துக்கொண்டன. லிவியோ கூரையைப் பார்த்தார். அப்புறம் ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஓட்டல் நடத்தும் ப்ரூனா, தலைமுடியைச் சரிசெய்கிற பாவனையில் கையைப் பாதி தூக்கினாள்.

"எனக்கு நாப்பது செட் விரிப்பு வேணும்."

பக்கத்தில் இருந்தவர் திரும்பினார். "நாப்பதா? கடையை மூடப்போறேன்னு நேத்து அழுதியே?"

"உன் கை மட்டும் ஏன் மேல இருக்கு?"

"எனக்கு அறுபது" என்றார் அவர்.

சிரிப்பு வெடித்தது. அதற்கப்புறம் கைகள் முளைத்துக்கொண்டே இருந்தன. நெரீனாவைக் கூப்பிடவே கூப்பிடாதவர்கள்கூட, எங்கே தங்களுக்கு இல்லாமல் போய்விடுமோ என்று தூக்கினார்கள். கடைசியாக லிவியோ, மேடையிலிருந்தபடியே, "எண்பது" என்றார். பதினான்கு கைகள். தூல்லியோ எழுந்து திரும்பி நின்று ஒவ்வொன்றாக எண்ணினார், உதடு அசைந்தது. சட்டைப்பையிலிருந்து பட்டியலின் நகலை எடுத்து நெரீனாவிடம் நீட்டினார். அவள் அதை நான்காக மடித்து என் கையில் வைத்தாள். நான் அழுதேன், வெட்கமே இல்லாமல் சத்தம் போட்டு அழுதேன். வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை.

அந்த ஈஸ்டருக்கு நாங்கள் மூச்சு விட நேரமில்லாமல் வேலை செய்தோம். பழைய இயந்திரம் போய்ப் புதியது வந்தது. அடுத்த நவம்பரில் படிவமும் வந்தது. அத்தனை பேரும் மறுபடியும் சரிவு என்றே எழுதியிருந்தார்கள். திருந்துகிற ஜென்மங்களா?

தூல்லியோ பத்திரிகையைப் பிரிக்காமலே நெரீனாவிடம் வந்தார். "வர்ற வருஷம் எப்படி இருக்கும்?"

நெரீனா விரிப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "மோசம்."

"எவ்வளவு மோசம்?"

"ரொம்ப, ரொம்ப மோசம்."

அவர் அன்று மத்தியானமே மூன்றாவது இயந்திரத்துக்குச் சொல்லிவிட்டார்.