மஞ்சள் வில்லையும் லயத்து நெருப்பும்

1. விறாந்தையில் விழுந்த இடி

"வாத்தியாரே, பாப்பாவுக்கு நிக்காமப் போகுது. வாந்தி வேற. தொரசானி அழுவுறாங்க" என்று பங்களா ஆயா மூச்சு வாங்க வந்து சொன்னபோது, நான் தோட்டத்துக் கோப்பி ஸ்டோருக்குப் பின்னால் பல் விளக்கிக்கொண்டிருந்தேன். வாயைக் கொப்பளிக்கக்கூட மறந்துபோனேன். வாந்தி, பேதி என்ற இரண்டு சொல்லும் ஒன்றாக வந்தால் அந்தக் காலத்தில் கோப்பித் தோட்டங்களில் யாருக்கும் கை கால் ஓடாது.

சித்திரம் சொல்லிக் கொடுக்கிற இளம் வாத்தியார்மாருக்காக இதை எழுதுகிறேன். நான் பள்ளிக்கூடத்தில் இருந்தது கொஞ்ச காலம். அதிலும் பாதி வெளியே முட்டி போட்டபடி. ஆனாலும் இன்றைக்குக் கண்டியில் எந்தக் கடைத்தெருவில் போய், "பிள்ளைக்குத் தண்ணிக் கலர் யார் நல்லாச் சொல்லிக் கொடுப்பார்?" என்று கேட்டாலும் என் வீட்டுக்குத்தான் கை காட்டுவார்கள். நானாகச் சொல்லவில்லை, போய்க் கேட்டுப் பாருங்கள்.

கண்டியில் ஒரு கோப்பி ஸ்டோரில் பீப்பாய்களுக்குத் தோட்டத்து மார்க் எழுதுவது என் முதல் வேலை. ஒருநாள் கை சும்மா இராமல் ஒரு பீப்பாயில் வண்டிமாடு ஒன்றை வரைந்துவிட்டேன். கோப்பி பார்க்க வந்த வெள்ளைக்காரத் தோட்டத் துரையோடு அவர் மனைவி துரைசானியும் வந்திருந்தார். மாட்டைப் பார்த்துக்கொண்டே நின்றார். "நீ எங்கே படிச்சது?" என்று கேட்டார். "பீப்பாயிலதாங்க அம்மா" என்றேன். அப்படித்தான் ஹுன்னஸ்கிரிய மலையில் அவர்களுடைய பங்களாவுக்குச் சித்திர மாஸ்டராகப் போனேன். மகள் எம்மிக்கும் அவள் தம்பிக்கும் விறாந்தையில் பாடம்.

நோய் வருவதற்கு முந்திய நாள், சீமையிலிருந்து வந்த புதுக் கலர் பெட்டியைத் திறந்தோம். வில்லை வில்லையாக அடுக்கியிருந்தது. எம்மி பழுத்த வாழைச்சீப்பு ஒன்றை எடுத்துவைத்து வரைந்தாள். தம்பி காகம் வரைந்து கறுப்போடு நின்றுவிட்டான். சாயங்காலம் வரைக்கும் எம்மி அந்தச் சீப்பை விடவேயில்லை.

2. துரை சொன்ன உத்தரவு

நான் பங்களாவுக்குப் போகுமுன்பே துரை கூலியாள்கள் குடியிருக்கும் லயத்துக்கு இறங்கிவிட்டார். அந்த வாரம்தான் இந்தியாவிலிருந்து மாத்தளை ரோட்டால் புது ஆள்கள் நடந்து வந்து சேர்ந்திருந்தார்கள். அந்த ரோட்டில் வாந்திபேதி கண்டு செத்தவர்களின் கதை எல்லாத் தோட்டத்திலும் உண்டு. துரை கையில் பிரம்பு. முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது.

"புது ஆள் கொண்டு வந்தது, கங்காணி. எல்லாரும் வெளியே. லயம் கொளுத்து. இவங்க ரோட்டுக்குத் திரும்பிப் போ."

"டாக்டர் தொரை வந்துரட்டுமேங்க" என்றார் பெரிய கங்காணி.

"டாக்டர் நாளைக்கு வரும். வியாதி நிக்குமா? மழை முன்னாலே கொளுத்து!"

மலைக்கு மேலே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. கூரை முழுக்க மானாப்புல். நனைந்துவிட்டால் தீப் பிடிக்காது. அதுதான் அவருக்கு அவசரம்.

சட்டி, கம்பளி எல்லாம் வெளியே வந்து விழுந்தன. ராக்காயி என்று ஒரு பெண், கைப்பிள்ளைக்காரி, கங்காணியை மறித்துக்கொண்டு நின்றாள்.

"நடந்து வந்த காலு இன்னும் வீங்கிக் கிடக்கு. பாருங்க! திரும்ப நடன்னா எங்கிட்டு நடக்க? எங்கள்ல யாருக்காச்சும் போகுதா, கேட்டீங்களா? ஒருத்தருக்கும் ஒண்ணுமில்ல. பங்களாவுல வந்த நோவுக்கு லயத்துல தீயா?"

"வாய மூடு, புள்ள. தொரை காதுல விழுகும்."

"விழுகட்டும்னுதானே கத்துறேன்!"

அவள் கேட்டது சரியான கேள்வி. நானும் சின்ன வயதில் அதே ரோட்டால் நடந்து வந்தவன். வழியில் பிணத்தைத் தாண்டி வந்தவன். கைப்பிள்ளையோடு திரும்பி நடந்தால் யார் மிஞ்சுவார் என்று எனக்குத் தெரியும்.

3. வில்லையில் கண்டது

பங்களாவுக்கு ஓடினேன். உள்ளே விடவில்லை. விறாந்தையில் நேற்றைய பாடம் அப்படியே கிடந்தது. எம்மியின் பிரஷை எடுத்தேன். நுனி ஊசி போலக் கூராகக் காய்ந்திருந்தது. துடைக்கத் துணி கொடுத்திருந்தேன், அதில் ஒரு சொட்டு மஞ்சள் இல்லை. அப்படியென்றால் நுனியை எதில் எடுத்தாள்?

நான் எதில் எடுப்பேனோ அதில்தான். உதட்டில்.

பீப்பாய்க் காலத்திலிருந்து என் கை அப்படி. பிரஷை உதட்டில் ஒரு இழுப்பு இழுத்தால் வருகிற கூர் துணியில் வராது. நான் பாவித்தது விளக்குக் கரி, காவி, அவுரி. நானே அரைத்தது. தின்றாலும் ஒன்றும் செய்யாது. இந்தப் பெட்டி அப்படி இல்லை.

மஞ்சள் வில்லையைப் பார்த்தேன். காய்ந்த இடமெல்லாம் மங்கின பழுப்பு. ஈர விரலால் தொட்டதும் பளீரென்று மஞ்சள். இதை நான் வேறொரு இடத்தில் பார்த்திருக்கிறேனே! அக்குறணை மருந்துக்கடைக்கார முஸ்லிம் நானா ஒருமுறை எனக்கு மலச்சிக்கலுக்குப் பேதி மருந்தாகக் கொடுத்தாரே, ரேவல்சின்னிப் பால் என்று ஒரு பிசின், அதுவும் இதேதான். காய்ந்தால் பழுப்பு, நனைந்தால் மஞ்சள். "கடுகளவுதான், கூடிட்டா குடலும் வந்துடும் தம்பி" என்று சொல்லித்தான் கொடுத்தார். எம்மி மத்தியானம் முழுக்க அதைச் சப்பியிருக்கிறாள்.

4. தின்று காட்டினேன்

பெட்டியோடு லயத்துக்கு ஓடி துரை முன்னால் நின்றேன்.

"துரை அவர்களே, இது வாந்திபேதி இல்லை. இந்தக் கலர் பேதி மருந்து. பாப்பா பிரஷை வாயில் வைத்திருக்கிறது."

"கலர் லண்டன்லேருந்து வந்தது! நீ உன் ஆளுக்காகப் பொய் பேசுறே."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. வில்லையில் ஒரு மூலையைக் கடித்து, எல்லாரும் பார்க்க விழுங்கினேன். "இப்பப் பாருங்க" என்றேன். கண்டியில் வேறு எவனுக்கு அந்தத் துணிவு வரும், சொல்லுங்கள்?

துரை பார்த்தார். கங்காணி பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. சட்டி பானையெல்லாம் வெளியே வந்து முடிந்தது. பந்தம் கட்டி முடிந்தது. இன்னமும் ஒன்றும் இல்லை. துரை காறித் துப்பிவிட்டு, "கொளுத்து" என்று சொல்ல வாயெடுத்தார். அப்போது என் வயிற்றுக்குள் யாரோ கயிறு முறுக்கினார்கள். கோப்பிச் செடிகளுக்குள் பாய்ந்தேன்.

நான் நினைத்தது வேறு, நடந்தது வேறு. கங்காணி கத்தினார்: "ஐயோ, வாத்தியாருக்கும் வந்துருச்சு!"

சனம் எல்லாம் என்னிடமிருந்து விலகி ஓடியது. துரை பிரம்பை என் பக்கம் நீட்டி, "இவனும் சேர்த்து ரோட்டுக்குத் தள்ளு" என்றார். திரும்பி வந்து விளக்கம் சொல்லப் பார்த்தேன். இரண்டு வார்த்தை பேசுமுன் மறுபடி ஓடவேண்டியிருந்தது.

"நம்மளக் காப்பாத்த வந்த ஆளப் பாருங்கடி" என்றாள் ராக்காயி. "செடிக்குள்ளயே குடியிருக்காரு."

ஒருத்தரும் சிரிக்கவில்லை. பந்தத்தில் தீ வைத்தாகிவிட்டது.

5. நுனி எடுத்துக் காட்டு

அப்போதுதான் துரைசானி படி இறங்கி வந்தார். தலை கலைந்து, காலில் சேறு. கையில் எம்மியின் பிரஷ்.

"பிள்ளை கஞ்சித் தண்ணி குடிச்சது. இப்ப நின்னுட்டது. பிரஷ் கேட்டது. குடுத்தேன். உடனே வாயிலே வச்சது" என்றவர் துரையைப் பார்த்து இங்கிலீஷில் வேகமாக ஏதோ சொன்னார். துரை தலையை ஆட்டி மறுத்தார். பிள்ளைகள் எதையும் வாயில் வைக்கும் என்கிறார் என்று எனக்குப் புரிந்தது.

துரைசானி என்னிடம் வந்தார். மற்றவர்கள் மாதிரி விலகி நிற்கவில்லை. பிரஷைத் தண்ணீரில் நனைத்து நீட்டினார்.

"மாஸ்டர், நுனி எடுத்துக் காட்டு."

என் இடுப்பில் துணி தொங்கியது. அதில் துடைத்துக் காட்டினால் என் வேலை தப்பும், மாஸ்டர் என்ற பேரும் தப்பும். பிள்ளை தானாகச் செய்த குறும்பு என்று போய்விடும். ஆனால் துரையும் அதைத்தானே சொல்லிக்கொண்டு நிற்கிறார்? அப்புறம் பந்தம் கூரைக்குப் போகும். துரையின் கண் என் கையில். கங்காணியின் கண் துரையின் வாயில். ராக்காயி பிள்ளையை மாரோடு இறுக்கிக்கொண்டு நின்றாள்.

பிரஷை உதட்டில் வைத்து இழுத்தேன். எப்போதும் இழுக்கிற மாதிரி, தலையைக் கொஞ்சம் சாய்த்து. பிறகு நாக்கை நீட்டினேன். மஞ்சளாகத்தான் இருந்திருக்கும்.

"எம்மியும் தலை சாய்க்கும். இதே மாதிரி" என்றார் துரைசானி. அப்படியானால் நேற்று முழுக்க இப்படித்தான் சப்பியிருக்கிறாள் என்று துரைக்கும் விளங்கிவிட்டது.

பிரம்பு என் தோளில் இறங்கியது. ஒன்று, இன்னொன்று. மூன்றாவதற்கு ஓங்கிய கையைத் துரை நிறுத்திக்கொண்டார். பிறகு கங்காணியைப் பார்க்காமலே சொன்னார்:

"நெருப்பு அணை."

பந்தம் தண்ணி ஓடும் கானுக்குள் போய்ச் சீறியது. சனம் சத்தமில்லாமல் சட்டிகளை உள்ளே தூக்கிப் போனது.

துரைசானி நன்றி சொல்வார் என்று நினைத்தேன். "இனி என் பிள்ளைங்க பக்கம் வராதே" என்றார். அவ்வளவுதான். அன்றைக்கே தோட்டத்தை விட்டு இறங்கச் சொல்லிவிட்டார்கள். மறுநாள் வந்த டாக்டர் பெட்டியைப் பார்த்த உடனே நான் சொன்னதையே சொன்னாராம். பங்களாச் சமையல்காரன் பிற்பாடு கண்டிக்கு வந்தபோது சொல்லித்தான் தெரியும்.

மூட்டையைத் தூக்கிக்கொண்டு லயத்தைத் தாண்டும்போது ராக்காயி உப்புப் போட்ட கஞ்சியோடு வந்தாள். "குடிச்சிட்டு எறங்குங்க. வயித்துல ஒண்ணும் இல்லாம கண்டி வரைக்கும் எப்பிடி நடப்பீங்க?" என்றாள். பிறகு, "செடிப்பக்கம் பாத்துப் போங்க" என்றாள். இந்தத் தடவை எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான்.

கண்டிக்கு வந்து வாடகைக்கு ஒரு அறை பிடித்து, கடைக்காரர் பிள்ளைகளை வைத்து என் சொந்த வகுப்பைத் தொடங்கினேன். முதல் வேலையாக என் உதட்டுப் பழக்கத்தை விடப் பார்த்தேன். கை கேட்கவில்லை, வெகு காலம் பிடித்தது. கடைசியில் பச்சை மிளகாயைக் கடித்துக்கொண்டு பாடம் எடுத்துத்தான் அதை விட்டேன்.

இளம் வாத்தியார்மாரே, "துணியில் துடை" என்று எம்மியிடம் நான் எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன். அவள் ஒருதரமும் கேட்கவில்லை. நான் ஒருதரமும் சொல்லாத ஒன்றை, தலை சாய்ப்பு முதற்கொண்டு, அப்படியே எடுத்துக்கொண்டாள். பிள்ளைகள் முன்னால் உட்காரும்போது பாடம் எது, பழக்கம் எது என்று நீங்கள்தான் பிரித்துப் பார்க்கவேண்டும். பிள்ளை பிரித்துப் பார்க்காது. பெரிய படிப்புப் படித்தவர்கள்கூட இதை எனக்குச் சொன்னதில்லை. பேதி சொல்லிக் கொடுத்தது.