அத்தையின் மெக்கானிக்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அந்தத் தொடரின் ஆரம்ப இசை கேட்டதும் என் மாமியார் முந்தானையை இழுத்துத் தலையில் முக்காடு போட்டுக்கொள்வார். சர்ச்சில் ஜெபத்துக்குப் போடுவாரே, அதே முக்காடு. டி.வி.யிலோ ஒரு விண்கலம் கிரகம் கிரகமாக அலைந்துகொண்டிருக்கும். வெளிநாட்டு முகங்கள் தமிழில் பேசும். சங்கராபுரத்தில் அந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாகப் போன புதிதில், எனக்குச் சிரிப்பை அடக்குவதே பெரிய வேலை. "அத்தை, காணிக்கை எப்ப எடுப்பாங்க?" என்று கேட்பேன். "செத்த சும்மா இருங்க மாப்ள, பையன் வெளிய போறான்" என்பார்.

பையன் என்பது விண்கலத்தின் மெக்கானிக். கதையில் பெண் தளபதி, விஞ்ஞானி, பச்சைத்தோல் ராணி என்று ஆட்கள் நிறைய உண்டு. அத்தை அவர்களை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. மெக்கானிக் பட்டினியோடு வேலை செய்தால் "ஒரு வாய் தின்னுட்டுப் போடா" என்பார். தளபதி அவனை அதட்டினால் "இவளுக்கு இன்னா திமிரு" என்பார். அவருடைய சொந்த மகன், என் மைத்துனன், வளைகுடாவில் ஏசி மெக்கானிக். பல மாதங்களாக அவனிடமிருந்து போன் இல்லை. அவன் எண்ணும் வேலை செய்யவில்லை. வீட்டில் யாரும் அதைப் பற்றி வாய் திறப்பதில்லை. நான் மட்டும் ஜோக் அடித்துக்கொண்டிருந்தேன். பயம் வந்தால் எனக்கு வாய் நீளும்; உடம்புவாகு.

ஒரு ஞாயிறு, புது எபிசோடில், மெக்கானிக் பழுது பார்க்கப் போன சின்னக் கலம் கயிறு அறுந்து விலகிப் போய்விட்டது. பேசும் கருவி செத்துவிட்டது. உள்ளே காற்று குறைந்துகொண்டே வந்தது. அந்த இடத்தில் 'தொடரும்' என்று போட்டுவிட்டார்கள். அத்தை அன்றைக்குச் சோறு தின்னவில்லை. அந்த வாரம் வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்தில், அவரவர் விண்ணப்பத்தைச் சொல்லும் நேரத்தில், எழுந்து நின்றார். "ஒரு பையன் ஒண்டியா மாட்டிக்கினு இருக்கான். யார் கூடவும் பேச முடியல. காத்து வேற கம்மியாய்க்கினே வருது. அவனுக்காக ஜெபம் பண்ணுங்க."

நான் திரும்பிப் பார்த்தேன். பின்வரிசையில் அதே தொடரைப் பார்க்கும் பயல்கள் இருந்தார்கள். நாளைக்குக் கடைத்தெருவில் என்னை என்ன சொல்லிக் கூப்பிடுவார்களோ. அலுவலகத்தில் மாற்றல் கேட்டுவிடலாம் என்று முடிவு செய்து, ஊரையும் மனதுக்குள் தேர்ந்தெடுத்துவிட்டேன். "ஆஸ்த்துமாங்களா?" என்று ஓர் அம்மா கேட்டார். "இல்லம்மா, ரொம்ப ஒசரத்துல இருக்கான்" என்றார் அத்தை. கல்வராயன் மலை என்று நினைத்துக்கொண்ட ஒருவர், "வெள்ளிமலை பஸ்ல எங்க மாமன்தான் டிரைவரு, தேடச் சொல்லட்டுங்களா?" என்றார். நான் இருமினேன். இருமல் நிற்கவில்லை. எனக்கும் சேர்த்து ஜெபித்தார்கள்.

வீட்டுக்கு நடக்கும்போது சொன்னேன்: "அத்தை, அவன் நடிகன். இந்நேரம் நல்லா தின்னுட்டுத் தூங்கிக்கினு இருப்பான்."

"தெரியாமலா மாப்ள? எனக்கு இன்னா கண்ணு அவிஞ்சா பூட்ச்சி?" என்றார். "நம்ம பையன் பேரச் சொன்னா, எவளையாவது இட்டுக்கினு பூட்டானா, ஜெயில்ல இருக்கானான்னு கேப்பாங்க. இவன யாரும் ஏச மாட்டாங்க. முட்டி போட்டு ஜெபம் பண்ணுவாங்க. அந்த ஜெபத்த யாருக்குக் குடுக்கணும்னு ஆண்டவருக்குத் தெரியாதா?"

அன்றைக்கு அதற்கு மேல் எனக்கு ஜோக் வரவில்லை. அடுத்த ஞாயிறு இசைக்கு முன்பே போய் டி.வி. எதிரே உட்கார்ந்தேன். எரிபொருள் போதாது, அவனை விட்டுவிட்டு விண்கலத்தைத் திருப்பு என்று தளபதி சொன்னபோது "வேணாம்மா" என்று கத்தியது நான்தான். அத்தை அசையவில்லை. கடைசியில் மெக்கானிக்கை உள்ளே இழுத்துப் போட்டார்கள். அத்தை முக்காட்டை எடுத்தார். எழுந்து போய் எல்லோருக்கும் வடை சுட்டார். மைத்துனன் கூப்பிட்டது அதற்கும் வெகுநாள் கழித்து. வேலைக்கு வைத்தவன் பாஸ்போர்ட்டையும் போனையும் பிடுங்கிக்கொண்டு எங்கோ பாலைவனத்தில் விட்டிருந்தானாம். அத்தை அழவில்லை. முதலில் கேட்டது, "காத்து வருதாடா அங்க?"

அத்தை இப்போது இல்லை. அந்தத் தொடர் மறுபடி வந்திருக்கிறது; கைப்பேசியில் வாரம் ஒரு புது எபிசோடு. மெக்கானிக்குக்கு என்னைப் போலவே தலை நரைத்துவிட்டது. போன ஞாயிறு அவன் மறுபடி வெளியே போனான். கயிறு மறுபடி அறுந்தது. அன்று காலையிலிருந்தே என் மகளுக்குப் போன் போகவில்லை. அவள் கல்வராயன் மலையில் நர்ஸ். கள்ளக்குறிச்சியில் பஸ் ஏறினால் நேரே போய் இறங்கலாம். அங்கே டவர் கிடைக்காது என்று ஊருக்கெல்லாம் சமாதானம் சொல்பவனே நான்தான். அப்படியும் மண்சரிவு, பாம்பு என்று தொடங்கி, அந்த மலையில் இல்லாத யானையைக்கூட வரவழைத்துவிட்டேன். கடலுக்கு அந்தப் பக்கம் மகனை வைத்துக்கொண்டு அத்தை வெறும் முக்காடு மட்டும் போட்டுக்கொண்டு எப்படி உட்கார்ந்திருந்தார் என்று இப்போதுதான் யோசிக்கிறேன்.

"தலையில இன்னாத்துக்குத் துண்டு?" என்றாள் மனைவி. தொட்டுப் பார்த்தேன், இருந்தது. "ஆம்பளைங்க முக்காடு போட்டு ஜெபம் பண்ணக் கூடாதுன்னு வேதத்துல இருக்குது" என்றாள். அத்தையின் மகள் அல்லவா.

படம் நின்று, கைப்பேசி அடித்தது. மகள்தான்.

"காத்து வருதாம்மா அங்க?"

"பிச்சிக்கினு அடிக்குதுப்பா. டவருதான் கம்மி. இன்னா ஆச்சு உனக்கு?"

ஒன்றுமில்லை என்றேன். பேசி முடித்ததும் எபிசோடு விட்ட இடத்திலிருந்து ஓடியது. மனைவியும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நான் துண்டை எடுக்கவில்லை. மெக்கானிக் இன்னும் வெளியேதான் இருந்தான்.