பதினொரு பசுக்களும் ஒரு கைகுலுக்கலும்

ஜேர்மனியில் மாட்டுக்குக் கடவுச்சீட்டு உண்டு. பிறந்த நாள், தாயின் இலக்கம், எந்தத் தொழுவத்திலிருந்து எந்தத் தொழுவத்துக்குப் போனது என்று எல்லாம் அதில் இருக்கும். அப்படிப்பட்ட நாட்டில் ஒரு வாய்ச்சொல்லை நம்பி ஆறு வருடம் சாணம் அள்ளியவள் நான். என்னை எதில் சேர்ப்பது?

பீலெஃபெல்டுக்கு வெளியே அந்தப் பண்ணை இருந்தது. வாரநாட்களில் எனக்கு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை. சனி, ஞாயிறு காலைகளில் பண்ணைக்குப் போவேன். பண்ணைக்காரர் எழுபதை நெருங்கியவர். மனைவி இறந்துவிட்டார், பிள்ளைகள் தொழுவத்துப் பக்கம் எட்டியும் பார்ப்பதில்லை. இறைச்சி இனத்துச் செம்பழுப்புப் பசுக்கள் பதினொன்று வைத்திருந்தார். அவை போடும் கன்றுகளை வளர்த்து விற்பதுதான் தொழில்.

நான் போன காலத்தில் அந்தத் தொழில் படுத்துக் கிடந்தது. கன்று விற்ற காசு தீவனத்துக்கே போதவில்லை என்று புலம்புவார். சுற்றியிருந்த பண்ணைகள் ஒவ்வொன்றாக மாடுகளை விற்றுவிட்டுக் கூரையில் சூரியத் தகடு பதித்தன. ஒரு ஞாயிறு, வேலை முடிந்து கோப்பி குடிக்கும்போது சொன்னார்: "இன்னும் சில வருடங்களில் நான் ஓய்ந்துவிடுவேன். இவை உனக்குத்தான். இன்றைய விலையைத் தவணையாகக் கொடு. தொழுவத்தையும் குத்தகைக்குத் தருகிறேன்." கையை நீட்டினார். நான் இரண்டு கைகளாலும் பற்றிக் குலுக்கினேன்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது கணவர் கேட்ட முதல் கேள்வி, "எழுதி வாங்கினீரோ?"

"அவரின்ரை மேசையில இருந்து கேக் சாப்பிட்டிட்டு, எழுதித் தாங்கோ எண்டு எந்த வாயால கேக்கிறது?"

"இந்த நாட்டில கேக்காமல் விடுறதுதான் பிழை."

அவர் சொன்னது சரி. ஆனால் எங்கள் ஆட்களுக்கு இது ஒரு வியாதி. முன்பின் தெரியாதவனிடம் பத்து இடத்தில் ஒப்பம் வாங்குவோம். வயதில் மூத்தவர், தன் கையால் கோப்பி ஊற்றித் தந்தவர் என்றால், கடதாசி கேட்பது அவர் முகத்தில் அடிப்பது போல என்று வாயை மூடிக்கொள்வோம்.

மாலை வகுப்புக்குப் போய் மாடு வளர்ப்புப் படித்தேன். ஐம்பது வயதில் பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணினேன். என் பெயரில் பண்ணை இலக்கம் கேட்டு அன்ட்ராக், அதாவது விண்ணப்பம், நிரப்பி, அலுவலகத்தில் நேரில் போய்ச் சந்திக்க டெர்மினும் எடுத்தேன். கோயிலில் ஒருத்தி, "இஞ்ச கோமாதா, அங்க கொத்துரொட்டிக்கு மாடோ, அக்கா?" என்று நக்கலடித்தாள். நானும் சிரித்தேன். பொய் சொல்லவில்லை, கன்றுகளை நானும் இறைச்சிக்குத்தான் விற்றிருப்பேன். ஆனால் பிறந்ததிலிருந்து யாரோ ஒருவரின் கீழேயே வேலை செய்த எனக்கு, என்னுடையது என்று சொல்ல ஒரு தொழுவம் வேண்டும் என்ற ஆசை இருந்தது. அந்த ஆசைக்கு நான் வெட்கப்படவில்லை.

பிறகு காற்று திசை மாறியது. எல்லோரும் கைவிட்டதால் நாட்டில் மாடுகள் குறைந்துபோய், விலை ஏறத் தொடங்கியது. ஏறிய விலை இறங்கவே இல்லை. மாட்டு வியாபாரியின் கார் முற்றத்தில் அடிக்கடி நின்றது. பண்ணைக்காரர் புலம்புவதை நிறுத்திவிட்டார். பாவம், மனிசனுக்கு இப்போதாவது நல்ல காலம் வந்ததே என்று சந்தோஷப்பட்டேன். மடைச்சி!

ஒரு வெள்ளிக்கிழமை தொலைபேசியில் அழைத்தார். "நாளை மிருகவைத்தியர் தடுப்பூசி போட வருகிறார். பசுக்களை முற்றத்து அடைப்புக்குள் கொண்டுவர வேண்டும். அவை உன் குரலுக்குத்தானே வரும்."

அது உண்மைதான். சனி காலை பார்லி வாளியைத் தட்டி, "வா, வா, என்ரை செல்லங்கள், ஓடி வா" என்று கூப்பிட்டேன். புல்வெளியின் அந்தக் கோடியிலிருந்து பதினொன்றும் வந்தன. பண்ணைக்காரர் கூப்பிட்டால் திரும்பியும் பார்க்காதவை. அடைப்பின் கதவை நானே பூட்டினேன்.

வைத்தியர் வரவில்லை. வியாபாரியின் லொறி வந்தது.

பண்ணைக்காரர் என் முகத்தைப் பார்க்காமல், "இப்படி ஒரு விலை இனி வராது. நீ புரிந்துகொள்வாய்" என்றார்.

"கை தந்தீர்களே" என்றேன்.

"அப்போது இவற்றுக்கு விலையே இருக்கவில்லை."

ஆக, யாருக்கும் வேண்டாத பொருளைத்தான் எனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார். வழக்குப் போடலாமா என்று அந்த இடத்திலேயே யோசித்தேன். சாட்சிக்கு யார் இருக்கிறார்கள்?

முதல் பசு ஏற மறுத்துப் பலகையில் காலை ஊன்றி நின்றது. வியாபாரி தடியால் அடித்தான். இன்னும் அடித்தான். பசு திரும்பி என்னைப் பார்த்துக் கத்தியது. அதன் முதல் கன்றை நான்தான் இழுத்தெடுத்தேன். அடியைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு ஏலாமல் போனது. வாளியை எடுத்துக்கொண்டு லொறிக்குள் ஏறி, உள்ளே நின்று, "வா, என்ரை செல்லம், வா" என்று கூப்பிட்டேன். அது ஏறியது. பின்னால் மற்றவையும் வரிசையாக ஏறின. நான் பக்கக் கதவால் இறங்கினேன்.

மேசையில் எனக்கும் ஒரு கோப்பி ஊற்றி வைத்திருந்தார். நான் தொடவில்லை. தொழுவத்துச் சாவியை வைத்துவிட்டு வந்தேன். வீட்டில் கணவர், "அப்பவே சொன்னனான்" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. "முதல்ல சாப்பிடும்" என்றார். அந்தக் கரிசனைதான் என்னை அழவைத்தது. ஏமாந்த அழுகை பாதி, மிச்சம் என்மேலேயே வந்த ஆத்திரம். திங்கட்கிழமை அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்து டெர்மினை ரத்துச் செய்தேன்.

இரண்டு கிழமை கழித்துத் தெரியாத இலக்கத்திலிருந்து அழைப்பு வந்தது. அந்த வியாபாரி. வேறொரு பண்ணையில் இருபது மாடுகள் லொறியில் ஏற மறுக்கின்றனவாம். மணித்தியாலக் கணக்கில் நல்ல சம்பளம் தருவானாம். என்னுடைய இலக்கத்தைப் பண்ணைக்காரர்தான் கொடுத்தாராம்.

"உங்களைப் பற்றி மிகவும் உயர்வாகச் சொன்னார்" என்றான். "உங்களை நம்பி எந்த மாடும் ஏறும் என்றார்."

ஆறு வருட வேலைக்கு அவர் எனக்குத் தந்த நற்சான்று அது ஒன்றுதான்.