பேசிக்கொண்டே நடக்கும் வேகம்

ஒரு நாள் காலையில் என் கணவர் மாதையனுக்குச் செருப்பு நுழையவில்லை. இரண்டு பாதங்களும் வீங்கியிருந்தன. மாரண்டஹள்ளி காய்கறி மண்டியில் தக்காளிப் பெட்டிகளை லாரியில் ஏற்றுவது அவர் வேலை. நின்றுகொண்டே இருப்பதால் வந்த வீக்கம் என்று நினைத்தோம். அந்த வாரமே அவரால் மல்லாந்து படுக்க முடியாமல் போனது. படுத்தால் மூச்சு முட்டியது.

தர்மபுரியில் எக்கோ (ஒலி அலைகளால் இதயத்தின் அசைவைப் பார்க்கும் சோதனை) எடுத்தார்கள். இதயச் செயலிழப்பு என்றார் மருத்துவர். (இதயம் நின்றுவிடுவதல்ல, உடலுக்கு வேண்டிய ரத்தத்தைத் தள்ள அதற்குப் பலம் போதாமல் போவது.) அவருக்கு நாற்பத்தொன்பது வயது.

மாத்திரைகளால் நீர் வடிந்து கொஞ்சம் தேறியதும் நடைப்பயிற்சிக்கு அனுப்பினார்கள். இவருக்குக் கோபம் வந்தது.

"முப்பது வருசமா பெட்டி தூக்கறேனுங்க. எனக்கு என்னங்க எக்சர்சைஸு?"

"இது வேறங்க," என்றார் மருத்துவர். "இதயம் தளர்ந்தா ரத்தக்குழாயெல்லாம் இறுகிப் போயிடும். அளவா நடந்தா குழாயோட உள்சுவர் இளகும். காலுக்கு ரத்தம் சுலபமாப் போகும், இதயத்துக்கும் பாரம் குறையும். ஆனா இதயமே பழையபடி ஆயிடும்னு நான் சொல்லலை."

அந்தக் கடைசி வார்த்தை அன்று எங்கள் இருவர் காதிலும் ஏறவில்லை.

மருத்துவமனைத் தாழ்வாரத்தில் ஆறு நிமிடம் நடக்கவிட்டு அளந்தார்கள். மூன்றாவது நிமிடத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டார். என் பக்கம் திரும்பவே இல்லை.

பயிற்சி தந்தவர் ஒரே ஒரு விதி சொன்னார். பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம்தான் சரியான வேகம்; பேச்சு அறுந்தால் நிற்க வேண்டும். (மருத்துவரைக் கேட்காமல் நீங்களாக இதைத் தொடங்காதீர்கள்.)

அதனால் பேச வேண்டியதாயிற்று. இருபத்து மூன்று வருடத்தில் நாங்கள் அவ்வளவு பேசியதில்லை. கல்யாணத்துக்கு முன் ஓசூரில் ஓர் ஓட்டலில் அவர் மாவாட்டியதையும், முதலாளி அடித்த அன்று ராயக்கோட்டை வரை நடந்தே வந்ததையும் ஏரிக்கரைச் சாலையில்தான் முதன்முதலாகக் கேட்டேன்.

நான்கு மாதத்தில், எப்போதும் சில்லிட்டுக் கிடந்த பாதங்களில் சூடு வந்தது. கம்பியைப் பிடிக்காமல் பஸ் ஏறினார். ஆறு நிமிடமும் நிற்காமல் நடந்தார். நான் அழுதுவிட்டேன். பிறகு மறுபடி எக்கோ எடுத்தார்கள்.

"காலும் ரத்தக்குழாயும் தேறியிருக்குதுங்க," என்றார் மருத்துவர். "இதயம் முன்னைவிடத் தளர்ந்திருக்கு."

ஆடிக் காற்றில் ஒரு சளிக்காய்ச்சல் வந்தது. நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது. இரண்டு வாரம் படுக்கையில் கிடந்தார். எழுந்தபோது நான்கு மாத நடையில் எதுவும் அவர் காலில் மிச்சமில்லை. பயிற்சி நின்றால் பலனும் போய்விடும் என்று சொல்லித்தான் இருந்தார்கள். இவ்வளவு சீக்கிரம் போகும் என்று எனக்குத் தெரியாது.

"மறுபடி மொதல்லருந்தாங்க?" என்று பயிற்சி தந்தவரிடம் கேட்டார் இவர்.

"ஆமாங்க. ரெண்டு நிமிசத்துல இருந்து."

இப்போது மூன்று வீடு தள்ளியிருக்கும் மளிகைக் கடை வரை நடக்கிறோம். வழியில் இரண்டு தடவை நிற்கிறார். இது அவரை மீட்டுவிடும் என்று நான் நம்பவில்லை. நடக்காத நாளில் அவருக்குக் கால் இன்னும் கனக்கிறது, அதனால் நடக்கிறோம். படிக்கும் உங்களில் இதே நிலையில் இருப்பவர்களிடம் இதை மறைக்க எனக்கு மனமில்லை.

போன வாரம் எங்கள் மகளுக்கு மாமனார் ஆகப்போகிறவர் வந்திருந்தார். கல்யாணத்தைத் தையில் வைக்கலாம் என்றார்.

"தை வேணாங்க," என்றார் இவர். "ஐப்பசியிலயே வெச்சிக்கலாம்."

"என்னங்க அவசரம்? டைம் இருக்குதுங்களே."

இவர் சிரித்து வைத்தார். சம்பந்தி கிளம்பிப் போன பிறகு, சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"மணவறை பக்கத்துல... எனக்கு ஒரு சேர் போட்டுடச் சொல்லு. அவ்ளோ நேரம் நிக்க முடியாது."

"சொல்றேங்க," என்றேன்.

முகூர்த்த நாள் பார்க்கக் காலண்டரை எடுத்தேன். ஐப்பசி வரைக்கும் புரட்டினேன். அதைத் தாண்டி என் கை போகவில்லை.