அண்ணனுக்கு வேலை கிடைக்காத வாரம்

எங்கள் அம்மாவுக்குப் பொய் சொல்லவே வராது என்று ஆம்பூரில் எங்கள் தெருவே சொல்லும். அது தப்பு என்று தெரிந்தவள் நான் ஒருத்திதான். அப்போது எனக்கு எட்டு வயது.

அப்பா ஒரு தோல் பதனிடும் ஷாப்பில் ஊறவைக்கும் வேலை பார்த்தார். அதன் முதலாளி சாயபுதான் அண்ணனைப் பட்டணத்துக் காலேஜுக்கு அனுப்பிப் படிக்கவைத்தார். அவனுக்கு முன்னே இன்னும் மூன்று கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைகளை அனுப்பியிருந்தார். மூவரும் பாதியிலேயே திரும்பிவிட்டார்கள். காலேஜ் வாசலை மிதித்தவன் என்றால் போதும், இங்கிலீஷில் கடிதம் எழுத ஏதாவது ஒரு ஷாப்பு அவனை அள்ளிக்கொள்ளும். அப்புறம் எவன் பரீட்சை எழுதுவான்?

அப்பா காய்ச்சலில் போனார். அண்ணன் பெட்டியோடு வந்து இறங்கினான். காரியம் முடிந்த மறுநாள், "படிப்பு வேணாம்மா, நான் வேலைக்குப் போறேன்" என்றான். அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நேரே சாயபு வீட்டுக்குப் போனாள்.

"எந்த ஷாப்லயும் அவன சேத்துக்கக் கூடாதுன்னு சொல்லிடுங்க. அவன் ரயிலேறினதும் வேலைய எனக்குக் குடுங்க, தோலுக்குப் போடுற பட்டைய இடிக்கிறேன்."

சாயபு தாடியைத் தடவினார். "உம் மவன் ஜென்மத்துக்கும் என்னைத் திட்டுவாம்மா."

"திட்டட்டும். அவங்கூட சேந்து நானும் திட்டுறேன். மனசுல வெச்சிக்காதீங்க."

அவர் சிரித்துவிட்டு என் கை நிறையப் பேரீச்சம்பழம் கொடுத்தார். வழியெல்லாம் அம்மா, "அண்ணங்கிட்ட சொன்னே, தோலை உரிச்சிடுவேன்" என்றாள்.

அந்த வாரம் அண்ணன் ஏறாத ஷாப்பில்லை. வாணியம்பாடி வரை போய்ப் பார்த்தான். எங்கும் இடமில்லை. சாயபுவின் சொல்தான் காரணம் என்று யாரோ சொல்லிவிட்டார்கள்.

"படிக்க வெச்ச மனுஷனே வயித்துல அடிக்கிறாரே, இன்னா நியாயம்மா இது?" என்று கத்தினான்.

"அந்தப் படுபாவி நல்லா இருப்பானா?" என்றாள் அம்மா, கண்ணில் நீரோடு. எனக்குத் தலை சுற்றியது. பேரீச்சம்பழம் கொடுத்தவரை இவள் ஏன் திட்டுகிறாள்? கேட்டதைத்தானே அவர் செய்தார்?

வேறு வழியில்லாமல் அண்ணன் மறுபடியும் பெட்டியைக் கட்டினான். ரயிலில் உட்கார்ந்து அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டபோது எனக்குப் பொறுக்கவில்லை. அம்மா தண்ணீர் பிடிக்கப் போன சமயம் பார்த்து, ஜன்னல் கம்பியில் தொற்றிக்கொண்டு, எல்லாவற்றையும் அவன் காதில் சொல்லிவிட்டேன். அம்மாவுக்கு இன்று சரியான பாட்டு விழும் என்று ஆவலோடு காத்திருந்தேன்.

அம்மா கூஜாவோடு வந்தாள். அண்ணன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அந்தப் படுபாவி கண்ணு முன்னாடி நீ பாஸ் பண்ணிக் காட்டணும்டா நைனா" என்றாள்.

"ஆமாம்மா, படுபாவிதான்" என்றான் அண்ணன். குரல் உடைந்துபோயிருந்தது. "பாஸ் பண்ணிட்டுதான் வருவேன்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் சொன்னது அவன் காதில் சரியாக விழவில்லை போலும் என்று நினைத்து, நகர்ந்த ரயிலோடு கூடவே ஓடி, பிளாட்பாரம் முழுக்கக் கேட்கும்படி இன்னொரு முறை கத்தினேன்.